கைக்கு ஏற்ற கைப்பிடி

தலைப்பைப் பார்த்ததும் இது கத்தரிக்கோலையோ அகப்பையையோ பற்றிய கட்டுரை என்று நினைத்திருப்பீர்கள். கத்தரிக்கோலும் இதில் வரும். ஆனால் முதலில் வரப்போவது ஒரு துவக்கு.

அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறுகின்ற சகோதரிகள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். நான் எழுதப்போவது மனிதரைச் சுடும் ஆயுதத்தைப் பற்றி அல்ல. கடதாசியில் அச்சிட்ட வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதற்கென்றே செய்யப்பட்ட விளையாட்டுக் கைத்துப்பாக்கியைப் பற்றி. அப்படியிருந்தும் வாசிக்க மனம் வரவில்லை என்றால் இடையில் உள்ளதை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் வாசியுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி, சனிக்கிழமை. தெமட்டகொடையில் நாம் தையல் வகுப்பு நடத்தும் மண்டபத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் வழக்கம். வகுப்பில் இருப்பவர்களில் கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமல் போன பிள்ளையின் படத்தைக் கைப்பையில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காயத்தோடு வன்னியிலிருந்து வந்து கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

பதுளைப் பக்கத்திலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி கைத்தொலைபேசியில் பரிஸ் ஒலிம்பிக் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், இந்தியப் பொண்ணு ஒண்ணு சுடுது, வந்து பாருங்க" என்றாள். பெண்களுக்கான 25 மீற்றர் பிஸ்டல் இறுதிப்போட்டி அது. மனு பாக்கர் என்ற 22 வயதுப் பெண் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்.

வெடிச்சத்தம் கேட்டதும் ஒரு அம்மா சாப்பாட்டுப் பாசலை மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் போய் இருந்துகொண்டார். நான் சத்தத்தை நிற்பாட்டச் சொன்னேன். ஆனால் முல்லைத்தீவு அக்கா எழும்பவில்லை. 2009இல் செல் விழுந்ததில் வலது கையில் மூன்று விரல்களை இழந்தவர் அவர். பெருவிரலும் சுட்டுவிரலும்தான் மிச்சம். அவர் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"மிஸ், அந்தப் பிள்ளையின்ர கையைப் பாருங்கோ. கைப்பிடி அவவின்ர கைக்கெண்டே செய்தது. நான் கண்ட துவக்குகளுக்குக் கைதான் பொருந்த வேணும். இது கைக்குப் பொருந்துது."

எங்கே கண்டார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் அவர் சொன்னது என்னைச் சுட்டது. காரணம், அந்த மாத அறிக்கையில் அவருடைய பெயருக்கு நேரே நான் எழுதியிருந்தது இதுதான்: "வலது கை பாதிப்பு. துணி வெட்ட இயலாது. பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் வேலைக்கு மட்டும் பொருத்தம்."

தைக்கின்ற சகோதரிகளுக்கு இதன் அர்த்தம் விளங்கும். துணி வெட்டத் தெரிந்தவர்தான் சொந்தமாகத் தொழில் செய்யலாம். பொத்தான் மட்டும் தைப்பவர் காலம் முழுவதும் இன்னொருவர் தருகின்ற சில்லறைக்குக் காத்திருக்க வேண்டும். நான் எழுதிய மூன்று வரி அவருடைய வருமானத்துக்குப் போட்ட எல்லை.

அன்று இரவு வீட்டுக்குப் போய் அந்தக் கைப்பிடியைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

அது எப்படிப்பட்ட துப்பாக்கி?

அந்தப் போட்டியில் பயன்படுவது 5.6 மில்லிமீற்றர் அளவுள்ள சிறு தோட்டா. 'பொயின்ற் ருவென்ரி ரூ' என்று சொல்வார்கள். இதில் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடித்தட்டு விளிம்புக்குள் இருக்கும். விளிம்பில் அடி விழுந்ததும் வெடிக்கும். இன்று உலகம் முழுவதும் பயன்படும் இதன் நீண்ட வடிவம் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்தது. சத்தம் குறைவு, கையைப் பின்னுக்குத் தள்ளும் உதைப்பும் குறைவு, விலையும் குறைவு. அதனால்தான் விளையாட்டுக்கு இதைத் தெரிவு செய்தார்கள். சிறியது என்பதற்காக இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. உயிரை எடுக்கும் வலு இதற்கும் உண்டு. எங்கள் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் இதை வைத்திருப்பதும் குற்றமே.

போட்டி ஒலிம்பிக் அளவிலே இப்படி நடக்கும். தகுதிச்சுற்றில் ஒரு பெண் 60 தடவை சுடுவார். முதல் 30 நிதானமாக. ஐந்து வெடிக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 வேகமாக. கையைத் தாழ்த்தி வைத்திருந்து, மூன்று செக்கன் மட்டும் தரப்படும் நேரத்துக்குள் உயர்த்தி ஒரு வெடி வைக்க வேண்டும். நிதானச் சுற்றில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர். அதை 25 மீற்றர் தூரத்திலிருந்து ஒற்றைக் கையால் பிடித்துச் சுட வேண்டும். மற்றக் கையால் தாங்கக் கூடாது. எதிலும் சாயக் கூடாது.

ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஒற்றைக் கையில் நீட்டி, ஆடாமல் பிடிப்பது என்றால் நினைத்துப் பாருங்கள். அதனால்தான் கடையில் வாங்கியபடியே அதை யாரும் போட்டிக்குக் கொண்டு போவதில்லை. உறுப்பு உறுப்பாக மாற்றித் தன் உடம்புக்கு ஏற்றதாக்கிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு உறுப்பும் ஒரு அளவெடுப்பு

முதலாவது கைப்பிடி. பெரும்பாலும் வால்நட் மரத்தில் செய்வது. சிறிது, நடுத்தரம், பெரிது என்றும், வலக்கை, இடக்கை என்றும் வேறு வேறாக வரும். கையைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பினால், அந்த அளவுக்கே செதுக்கித் தருபவர்களும் இருக்கிறார்கள். நாம் கழுத்து வெட்டுக்குப் பிரதி எடுப்பது போலத்தான். வந்த பிறகும் வேலை முடியாது. பிடிக்கும்போது எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே புட்டி அப்பி, எங்கே அழுத்துகிறதோ அங்கே மணல் கடதாசியால் தேய்த்து, மாதக்கணக்கில் சரிசெய்வார்கள். உள்ளங்கையின் அடிப்பாகம் தங்குவதற்கு ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தட்டும் உண்டு. ஒரே ஒரு கட்டுப்பாடு, கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. மணிக்கட்டு சுயமாக நிற்க வேண்டும்.

இரண்டாவது விசை. விரல் நீளத்துக்கு ஏற்ப அதை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தலாம். சிறிய கையுள்ள பெண்ணுக்கு இது பெரிய உதவி. விரல் எட்டாமல் எட்டி இழுத்தால் குறி விலகிவிடும். ஆனால் எவ்வளவு இலகுவாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. சர்வதேச விதிப்படி 25 மீற்றர் பிஸ்டலின் விசை ஆகக் குறைந்தது 1000 கிராம் பாரத்தைத் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் நடுவர்கள் பாரத்தைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள். விசையில் கைவைப்பது பயிற்சி பெற்ற, அனுமதியுள்ள திருத்துநரின் வேலை. பிழையாகச் செய்தால் தொடாமலே வெடிக்கும் ஆபத்து உண்டு.

மூன்றாவது பாரம். குழாயின் முன்பக்கம் சிறு பாரங்களைப் பூட்டினால் கை நடுக்கம் குறையும், உதைப்பும் அடங்கும். மொத்தப் பாரம் 1400 கிராமைத் தாண்டக் கூடாது.

நான்காவது பார்வை. வழமையான துப்பாக்கியில் பின்னால் ஒரு பிளவு, முன்னால் ஒரு தகடு. இரண்டையும் நேர்கோட்டில் பிடித்து, கண்ணை முன் தகட்டில் நிறுத்த வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கிட்ட உள்ளது மங்கும். ஊசியில் நூல் கோர்க்கும்போது எங்களுக்கு நடப்பது அவர்களுக்கும் நடக்கும். இதற்கு உதவுவதுதான் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி. சிறு விளக்கின் ஒளி ஒரு கண்ணாடியில் பட்டு, பார்ப்பவரின் கண்ணுக்குச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் நிற்கும். சுவீடன் நாட்டின் எய்ம்பொயின்ற் நிறுவனம் 1975இல் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவின் 'புல்ஸ்ஐ' போட்டிகளில் இதைப் பூட்டலாம். ஒலிம்பிக்கில் பூட்டக் கூடாது. ஆனால் தன் கண்ணுக்குத் தேவையான மூக்குக்கண்ணாடி அணிவதை ஒலிம்பிக்கும் தடுக்கவில்லை.

இந்த உறுப்புகளை எல்லாம் துப்பாக்கி செய்த நிறுவனமேதான் விற்க வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் ரூகர் நிறுவனம் 1949இல் 37 டொலர் 50 சதத்துக்கு ஒரு சாதாரண இலக்குப் பிஸ்டலை விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்தவை இன்றும் வருகின்றன. விசை, குழாய், கைப்பிடி, கண்ணாடி என்று அதற்கு மாற்று உறுப்பு செய்வதையே தொழிலாகக் கொண்ட வேறு நிறுவனங்கள் பல. எங்கள் தையல் மெசினை எடுத்துக்கொள்ளுங்கள். மிதி மெசினுக்கு மோட்டார் பூட்டுகிறோம். சிப் தைக்க வேறு பாதம் மாட்டுகிறோம். இருட்டுக்கு விளக்குப் போடுகிறோம். அதே மெசின், ஆனால் எங்களுக்கு ஏற்ற மெசின். அப்படித்தான் இதுவும்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். எது அனுமதி, எது அனுமதியில்லை என்று விதிப்புத்தகம் கிராம் கணக்கில் சொல்கிறது. ஆனால் "உன் கைக்கு ஏற்றபடி ஏன் மாற்றினாய், நீ திறமை குறைந்தவளா?" என்று யாரும் கேட்பதில்லை. உலகத்தில் ஆகத் திறமையானவர்கள்தான் ஆகக் கூடுதலாக மாற்றுகிறார்கள்.

இடது கையால் இரண்டு தங்கம்

முல்லைத்தீவு அக்காவிடம் அடுத்த சனிக்கிழமை நான் சொன்ன முதற்கதை ஹங்கேரி நாட்டு இராணுவச் சார்ஜன்ட் காரொய் தகாச்சின் கதை. வேகப் பிஸ்டல் சுடுவதில் பேர் பெற்றவர். 1936 ஒலிம்பிக்கிற்கு அதிகாரிகளை மட்டுமே அனுப்புவோம் என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். 1938இல் பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஒருவருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1939இல் தன் நாட்டுச் சம்பியனானார். உலக யுத்தத்தினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவே இல்லை. 1948இல் லண்டனில், 38 வயதில், இடது கையால் தங்கம் வென்றார். 1952இல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம்.

அக்கா கதையைக் கேட்டுவிட்டுக் கேட்ட கேள்வி வேறு. "அவருக்கு இடக்கைக்குப் பிடி ஆர் செய்து குடுத்தது மிஸ்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. துணிவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கைப்பிடியைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனால் வாழ்க்கையை நடத்துபவர்களுக்குக் கைப்பிடிதான் கேள்வி.

பெண்களின் கதைகளும் சொன்னேன். ஒலிம்பிக்கில் குறிபார்த்துச் சுடுதலில் பெண்களுக்கென்று தனிப் போட்டிகள் 1984இல்தான் தொடங்கின. 25 மீற்றர் பிஸ்டலில் முதல் தங்கம் கனடாவின் லின்டா தோமுக்கு. சில வருடங்கள் விளையாட்டை விட்டு ஒதுங்கியிருந்து 1982இல் மீண்டும் வந்தவர் அவர். எங்கள் நாட்டின் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்ரமசிங்கவும் 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், இதே 5.6 மில்லிமீற்றர் தோட்டாப் பாவிக்கும் றைபிளில் இணையராகத் தங்கம் வென்றார்கள். இலங்கையில் அந்த வருடங்களில் துவக்குச் சத்தம் என்றால் எமக்கு வேறு அர்த்தம். அப்படி ஒரு செய்தி வந்ததே எங்களில் பலருக்குத் தெரியாது.

மனு பாக்கருக்கு அன்று பதக்கம் கிடைக்கவில்லை. மூன்றாம் இடத்துக்கான மேலதிக வெடிகளில் ஹங்கேரிப் பெண்ணிடம் தோற்று நான்காவதாக வந்தார். ஆனால் அதற்கு முந்திய நாட்களில் பத்து மீற்றர் காற்றுப் பிஸ்டலில் தனியாகவும் இணையராகவும் இரண்டு வெண்கலம் எடுத்திருந்தார். 2021இல் டோக்கியோவில் போட்டியின் நடுவே அவருடைய பிஸ்டல் பழுதாகி, அதைத் திருத்தப் போனதில் நேரம் போய், இறுதிச்சுற்றைத் தவறவிட்டவர் அவர். கருவி பழுதானது, ஆள் பழுதாகவில்லை என்று மூன்று வருடங்களில் காட்டினார். அதே 2024இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பராலிம்பிக்கில் இந்தியாவின் ரூபினா பிரான்சிஸ் காற்றுப் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். அங்கே உடற்குறைபாட்டுக்கு ஏற்ப இருந்தபடியே சுடலாம் என்று விதியே சொல்கிறது. அதைச் சலுகை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

எங்கள் மேசையில்

நான் சமூகவியல் படித்தவள். இயலாமை உடம்பில் மட்டும் இல்லை, சுற்றியுள்ள பொருளிலும் வழக்கத்திலும் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள். அப்படிப்பட்ட நான்தான் ஐந்து மாதமாக ஒரு பெண்ணின் இடது கையில் வலக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்து "பழகுங்கோ அக்கா, வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது வராது. சாதாரணக் கத்தரிக்கோல் வலது கை அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும்படி செய்யப்பட்டது. இடது கையால் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். துணி வெட்டுப்படாமல் மடியும். வெட்டும் கோடும் மேல் அலகுக்குப் பின்னால் மறையும். அக்கா ஐந்து மாதமாகத் துணியை மடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் கை அல்ல, கத்தரிக்கோல்.

இடக்கைக் கத்தரிக்கோலைப் புறக்கோட்டையில் கடை கடையாகக் கேட்டோம். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு மாணவியின் தமக்கை கனடாவிலிருந்து அனுப்பினார்.

வெட்டத் தொடங்கியதும் அடுத்த பிரச்சினை. துணியை அழுத்திப் பிடிக்க வலது கையில் இரண்டு விரல்தானே. துணி நழுவியது. அப்போது பாரத்தைப் பற்றிச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. "துவக்குக்குப் போடுற மாதிரி துணிக்கும் பாரம் வைப்பமே" என்றார். ஒரு மரத்துண்டின் அடியில் பழைய சைக்கிள் ரியூப் இறப்பரை ஒட்டினோம். மேலே அவருடைய இரு விரலுக்கும் உள்ளங்கைக்கும் பொருந்த ஒரு பிடி வேண்டும். முதலில் ரொட்டிக்குக் குழைத்த மாவை உருட்டி வைத்து அவரை அழுத்தச் சொன்னோம். கையின் அச்சு விழுந்தது. பிறகு ஹாட்வெயார் கடையில் இரண்டையும் பிசைந்து சேர்க்கும் புட்டி வாங்கி, அதன் மேல் மெல்லிய பொலித்தீன் போட்டு, அதே அச்சை எடுத்தோம். காய்ந்த பின் மணல் கடதாசியால் தேய்த்தார். தேய்த்தார், பிடித்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். இரண்டு சனிக்கிழமை போனது. இந்த முறை நான் அவசரப்படுத்தவில்லை.

முதலில் வெட்டிய சட்டைத் துணி கோணலாகத்தான் வந்தது. நான்காவது நேராக வந்தது. அந்த வருட முடிவில் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் காலத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளை அவரே அளவெடுத்து, அவரே வெட்டினார். வெட்டுக்கூலி அவர் கைக்கு வந்தது. பழைய அறிக்கையில் நான் எழுதிய மூன்று வரியையும் வெட்டிவிட்டு, "இடக்கைக் கத்தரிக்கோலுடன் முழுமையாக வெட்டுகிறார்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு வேலை உங்களுக்கு வரவில்லை என்றால், "என்னால் ஏலாது" என்று சொல்வதற்கு முன் கருவியை ஒருதரம் திருப்பிப் பாருங்கள். யாருடைய கைக்கு, யாருடைய உயரத்துக்கு, யாருடைய கண்ணுக்கு அது செய்யப்பட்டது? பிடி மெல்லியதென்றால் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். மேசை உயரமென்றால் காலைக் குறைக்கலாம். கால் இல்லாதவர் மிதி மெசினுக்கு மோட்டார் பூட்டி, அதன் விசையை முழங்கையால் அழுத்தும்படி வைக்கலாம். மின்சாரம் சம்பந்தமான மாற்றத்தைத் தெரிந்தவரைக் கொண்டே செய்யுங்கள்.

உதவி கேட்கவும் இடம் உண்டு. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். உதவு உபகரணங்களுக்கு அவரிடம் விண்ணப்பிக்கலாம். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். கைக்கு ஏற்றபடி பொருளை மாற்றித் தருவது அவர்களுடைய படிப்பு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கவே வந்தது. கேட்பது பிச்சையல்ல.

அன்று வாசலில் போய் இருந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று வகுப்பில் சொன்னபோது அவர் ஊசியை நிறுத்தவில்லை. "எழுதுங்கோ பிள்ளை. ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் எனக்குக் கேக்கப் பண்ணாதேங்கோ" என்றார். அவருக்கும் ஒரு கைப்பிடி தேவைதான். அது என்னவென்று நாங்கள் இன்னும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு, சனிக்கிழமைகளில் தொலைபேசிகள் எல்லாம் சத்தமில்லாமல் இருக்கின்றன.